பிரையன் கெல்லியைப் பத்தி ஒரு வரி கூட இல்லையே

ஆசிரியருக்கு வணக்கம்,

ராபர்ட் ஹான்சன் பத்தி நீங்க போட்ட கட்டுரைய ஒரே மூச்சுல படிச்சு முடிச்சேன். அமெரிக்காவோட உள்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐக்குள்ளயே உக்காந்துகிட்டு விட்டு விட்டு 20 வருஷத்துக்கு மேல ரஷ்யாவுக்கு ரகசியம் வித்தவன், 2001 பிப்ரவரி 18 அன்னிக்கு வர்ஜீனியால ஒரு பார்க் பாலத்துக்கு அடியில ரஷ்யாக்காரங்க எடுத்துக்க ரகசியக் காகிதப் பொட்டலத்த வச்சுட்டு வரும்போது மாட்டினான், அதெல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா அவன ஏதோ யாராலயும் பிடிக்க முடியாத பெரிய மூளைக்காரன் மாதிரி காட்டியிருக்கறத என்னால ஏத்துக்க முடியல, அதவிட அவன் செஞ்ச பாவத்துக்கு சிலுவை சுமந்த பிரையன் கெல்லி பேரே கட்டுரைல எங்கயும் வரல. மனசு ஆறல சார், அதான் எழுதறேன்.

கெல்லி, அமெரிக்காவோட வெளிநாட்டு உளவு அமைப்பான சிஐஏல அதிகாரி. ஃபீலிக்ஸ் ப்ளாக்னு அமெரிக்க வெளியுறவுத்துறை ஆள் ஒருத்தர் சோவியத்துக்கு உளவு பாக்கறாரோன்னு சந்தேகம் வந்து விசாரணை நடந்துச்சே, அதுக்கு துப்பு கண்டுபிடிச்சதே கெல்லிதான். 1989ல யாரோ சோவியத் உளவுத்துறையான கேஜிபிக்கு தகவல் குடுக்க, ப்ளாக் உஷாராயிட்டார், கேஸ் ஊத்திக்கிச்சு. போட்டுக் குடுத்தது ஹான்சன். ஆனா எஃப்பிஐ என்ன முடிவுக்கு வந்துச்சுன்னா, விசாரணை பத்தி தெரிஞ்ச கெல்லிதான் கருப்பு ஆடுன்னு. அப்புறம் அவர் என்ன செஞ்சாலும் தப்பாவே தெரிஞ்சுது. வீட்ட ரகசியமா சோதனை போட்டப்போ ஒரு பார்க்கோட மேப்பு கிடைச்சுது, அதுல நேரம் குறிச்சிருந்துச்சு, அவர் ஜாகிங் போற கணக்கு அது, இவங்க அத பொட்டலம் வைக்கற இடம்னு எடுத்துக்கிட்டாங்க. வெளிநாட்டுக்காரன் மாதிரி பேசற ஒரு ஆள அவர் வீட்டு வாசலுக்கே அனுப்பி, உங்க குட்டு வெளிப்பட்டுடுச்சு, தப்பிச்சிடுங்கன்னு சொல்ல வச்சாங்க. அவர் மறுநாளே போய் இப்படி ஒருத்தன் வந்தான்னு மேலிடத்துல சொல்லிட்டார். நியாயமா சந்தேகம் அங்கயே தீர்ந்திருக்கணும்ல? இல்ல, எவ்வளவு சாமர்த்தியமா நடிக்கறான் பாருன்னுட்டாங்க. பொய் சொல்றாங்களான்னு பாக்கற பாலிகிராஃப் டெஸ்ட்ல பாஸானார், அதுக்கும் அதே பதில்தான்.

1999 ஆகஸ்ட்ல கூப்பிட்டு வச்சு விசாரிச்சு, வேலைய விட்டு ஒதுக்கி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஒன்றரை வருஷம். அவர் மகளும் சிஐஏலதான் வேலை பாத்தாங்க, அந்தப் பொண்ண உக்கார வச்சு உங்கப்பா ரஷ்ய உளவாளின்னு சொன்னாங்க. ஒரு மகளுக்கு அத கேக்க எப்படி இருந்திருக்கும்.

இப்ப ஹான்சன் கதைக்கு வாங்க. 1990லயே அவனோட மச்சான், அவரும் எஃப்பிஐ ஆளுதான், வீட்ல கட்டுக்கட்டா பணம் இருக்குன்னு மேலதிகாரிகிட்ட சொல்லியிருக்கார், யாரும் கண்டுக்கல. அதுக்கும் முன்னாடி, மார்டினோவ், மோட்டோரின்னு அமெரிக்காவுக்கு உதவின ரெண்டு கேஜிபி அதிகாரிங்கள யார் காட்டிக்குடுத்தாங்கன்னு ஆராயற வேலைய இவன்கிட்டயே குடுத்திருக்காங்க! அந்த ரெண்டு பேருக்கும் மாஸ்கோல மரண தண்டனை குடுத்துட்டாங்க. 25 வருஷ சர்வீஸ்ல இவனுக்கு ஒரு பாலிகிராஃப் டெஸ்ட் கூட வைக்கல. துரோகி சிஐஏலதான் இருப்பான், நம்ம ஆளுங்க சுத்தம்னு முடிவு கட்டிட்டு தேடினா எப்படி கிடைப்பான்? இதுல மூளைக்காரன் எங்க இருந்து வந்தான் சார்?

ஒழுங்கா தேடினவங்களும் இருந்தாங்க. சிஐஏக்குள்ள இருந்துகிட்டு சோவியத்துக்கு உளவு பாத்த ஆல்ட்ரிச் ஏம்ஸ் மாட்டினது ஜீன் வெர்ட்டஃபேன்னு ஒரு அம்மா நடத்தின சின்ன டீமால. அதுல சாண்டி கிரைம்ஸ்னு இன்னொரு அம்மா, ஏம்ஸோட நடமாட்டத்த தேதிவாரியா எழுதி பேங்க் கணக்கோட ஒட்டிப் பாத்தாங்க. 1985 மே 17 சோவியத் தூதரக ஆளோட சாப்பாடு, மே 18 கணக்குல 9,000 டாலர். ஜூலை 2 சாப்பாடு, ஜூலை 5 மறுபடி பணம். ஏம்ஸும் ரெண்டு தடவ பாலிகிராஃப்ல தப்பிச்சவன்தான், ஆனா பேங்க் சலான்கிட்ட தப்பிக்க முடியல. இவங்க தேதியையும் தொகையையும் பாத்தாங்க, கெல்லி விஷயத்துல ஆள முதல்ல முடிவு பண்ணிட்டு ஆதாரம் தேடினாங்க.

கடைசில ஹான்சன் மாட்டினதும் துப்பறிஞ்சு இல்ல, 70 லட்சம் டாலர் குடுத்து ஒரு முன்னாள் கேஜிபி ஆள்கிட்ட ஃபைல விலைக்கு வாங்கினதால. அதுல அந்த உளவாளி பேசின டேப் ஒண்ணு இருந்துச்சு, கெல்லி குரல் கேக்கும்னு போட்டுக் கேட்டாங்க, கேட்டது அவங்க ஆபீஸ் ஆளான ஹான்சனோட குரல். எஃப்பிஐ கெல்லிகிட்ட மன்னிப்பு கேட்டுச்சு, அவரும் திரும்ப சிஐஏ வேலைக்குப் போனார், 2011ல காலமாயிட்டார்.

ஹான்சன் படத்த பக்கம் முழுக்க பெருசா போட்டிருக்கீங்க. அடுத்த இதழ்ல கெல்லிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்க சார், அவர் மக பட்ட பாட்டையும் சேத்து எழுதச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர், சேலம்