காய்ச்சல் நாளில் இரத்தம் பாருங்கள்: வட மாகாண சுகாதாரத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

வட மாகாண சுகாதார அதிகாரிகளுக்கும், உளநலக் கிளினிக்குகளிலும் வெளிநோயாளர் பிரிவுகளிலும் பணியாற்றும் வைத்தியர்களுக்கும் வணக்கம்.

மனச்சிதைவு நோயோடு இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாழும் ஒருவரின் தங்கை நான். கடந்த மாரியில், காய்ச்சலின் மூன்றாம் நாள், என் தமையனார் கஞ்சிக் கோப்பையைக் கையில் பிடித்தபடியே உறங்கிப்போனார். வாயோரம் வடிந்த எச்சில் சாரத்தை நனைத்திருந்தது; கூப்பிட்டால் ஒருதரம் கண்ணைத் திறந்து மறுபடி மூடினார். கொண்டுபோன இடத்தில் கிளினிக் கொப்பியைப் புரட்டியவர்கள், மனநோய்க் குளிசையின் மயக்கம்தான், படுத்தெழும்பினால் சரியாகிவிடும் என்று திருப்பி அனுப்பினார்கள். இரத்தம் எடுக்கவில்லை. மறுநாள் வேறொரு வைத்தியர் இரத்தத்தைச் சோதித்து, அவர் எடுக்கும் மனநோய்க் குளிசையான குளோசபைனின் அளவைப் பாதியாகக் குறைத்த பின்னரே தமையனார் தெளிந்தார்.

அந்த வைத்தியர் தந்த விளக்கமே என்னை எழுதவைக்கிறது. கிருமி தொற்றும்போது நிர்ப்பீடனக் கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லச் சுரக்கும் சைட்டோகைன்கள், குறிப்பாக இன்டர்லூக்கின் 6, குளோசபைனைச் சிதைக்கும் ஈரல் நொதியத்தின் வேலையை மந்தமாக்குகின்றன. அதனால் வழக்கமான அளவு குளிசையே உடலில் தேங்கி நஞ்சாகலாம். சுருட்டுப் புகை அதே நொதியத்தைத் தூண்டுவது என்பதால், காய்ச்சலில் சுருட்டை விட்டவருக்கு மருந்து இன்னும் ஏறும். தமையனாருக்கு இரண்டும் ஒன்றாக நேர்ந்திருந்தன. இதற்கு மேலாக, குளோசபைன் சிலருக்குக் கிருமியை எதிர்க்கும் வெண்குழியங்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். 1975இல் பின்லாந்தில் இவ்வாறு நோயாளர்கள் இறந்த பின்னரே, இம்மருந்து எடுப்போருக்கு ஒழுங்கான இரத்தப் பரிசோதனை கட்டாயமாயிற்று. ஆகவே குளோசபைன் எடுப்பவரின் காய்ச்சலை டெங்கு என்றோ தடிமன் என்றோ ஊகித்து விட்டுவிட இயலாது.

சைட்டோகைன்களின் கதை மருந்தோடு நிற்பதில்லை. மனச்சிதைவு நோய் முதன்முறை வெளிப்படும்போதே பலரது இரத்தத்தில் இன்டர்லூக்கின் 6 கூடியிருப்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் கண்டுள்ளன. இங்கிலாந்தில் ஒன்பது வயதில் அது உயர்ந்திருந்த பிள்ளைகளிடம், பதினெட்டு வயதில் உளமாய நோய் (இல்லாததை உண்மையென உணரும் நிலை) ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்பட்டதென 2014இல் வெளியான ஆய்வு கூறுகிறது. 2016இல், நிர்ப்பீடனத்தைச் சேர்ந்த சி4 என்னும் பரம்பரையலகின் சில வடிவங்கள் மனச்சிதைவு நோயின் ஆபத்தைக் கூட்டுவது தெரியவந்தது. மூளை நரம்பிணைப்புகளை அளவுக்கு மீறிக் கத்தரிப்பதில் அதற்குப் பங்கிருக்கலாம் எனக் கருதுகிறார்கள். இவை எவையும் நோயைக் கண்டறியும் சோதனையாகிவிடவில்லை. இன்டர்லூக்கின் 6இன் வழியை அடைக்கும் டொசிலிசுமாப் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஒரு சிறிய பரிசோதனையும் பயன் தரவில்லை. இவற்றை மறைக்காமல் சொல்வதே நேர்மை. ஆயினும், செய்வினை என்று நூல் கட்டியும், வளர்த்த தாயைக் குறை சொல்லியும் ஆண்டுகளைத் தொலைத்த எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு, இந்நோயில் உடலுக்கும் பங்குண்டு என்பதைக் கிளினிக்கில் பத்து நிமிடம் இருத்திச் சொல்வது பெரிய ஆறுதலாக இருக்கும்.

நான் கேட்பது புதிய இயந்திரங்களையல்ல. குளோசபைன் எடுப்போரின் கிளினிக் கொப்பியின் முன்மட்டையில், காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால் அன்றே வெண்குழிய எண்ணிக்கையையும், உடலின் அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதத்தையும் பார்க்க வேண்டும், மருந்தின் அளவு குறித்து உளநல வைத்தியரைக் கேட்க வேண்டும் என்று சிவப்பு மையில் முத்திரை குத்துங்கள். குளிசையைத் தாமாக நிறுத்த வேண்டாம் என்பதையும் அதன் கீழே சேருங்கள். ஐப்பசி மழை தொடங்குமுன் இது தெல்லிப்பளையிலிருந்து தீவகம் வரை எல்லாக் கிளினிக்குகளுக்கும் போய்ச்சேர வேண்டும் எனப் பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தங்கை