ஏலத்தில் கை தூக்குவதற்கு முன்

அன்புள்ள கதிருக்கு,

நலம். அர்ஜென்டினாக் கால்பந்து வீரர் மாரடோனா கையெழுத்திட்ட சட்டை ஒன்று ஏலத்துக்கு வருகிறது, எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். உன் காசு, உன் ஆசை; குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் 1986 உலகக் கோப்பைக் கால் இறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக அவர் போட்டிருந்த சட்டையின் கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்.

மெக்சிகோ வெயிலுக்கு அர்ஜென்டினாவின் மாற்றுச் சட்டை கனமாக இருந்தது. கால் இறுதிக்குச் சற்று முன்பு உள்ளூர்க் கடையில் மெல்லிய நீலச் சட்டைகளை வாங்கி வந்து, அர்ஜென்டினாக் கால்பந்துச் சங்கத்தின் சின்னத்தை அவசர அவசரமாகத் தைத்து, பளபளக்கும் வெள்ளி நிற எண்களை ஒட்டினார்கள். அந்தக் கடைச் சட்டையில்தான் கையால் ஒரு கோல், நான்கு நிமிடம் கழித்து உலகமே வாய்பிளந்த இன்னொரு கோல்.

இங்கிலாந்தின் ஸ்டீவ் ஹாட்ஜ் தப்பாக உதைத்த பந்துதான் முதல் கோலுக்கு வழிவிட்டது. ஆட்டம் முடிந்ததும் மாரடோனாவிடம் சட்டையை மாற்றிக்கொண்டவரும் அவரே! 2022 மே மாதம் சதபீஸ் ஏலத்தில் அது 71 லட்சம் பவுண்டுக்குப் போனது. 'அது முதல் பாதியில் போட்ட சட்டை' என்று மாரடோனா குடும்பத்தார் மறுத்தார்கள். ஏல நிறுவனமோ சின்னம், கோடுகள், எண்கள் ஆகியவற்றில் இருந்த தனி அடையாளங்களை அன்றைய புகைப்படங்களோடு ஒப்பிட்டு, கோல் அடித்த சட்டை இதுதான் என்றது. அவசர வேலையே சாட்சிக்கு வந்துவிட்டது பார்.

அந்த ஆட்டத்தின் பந்தை வைத்திருந்தவர் அன்றைய துனிசிய நடுவர் அலி பின் நாசர். அதே 2022 நவம்பரில் அது 20 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. கையைக் கவனிக்காமல் விட்டதற்கு இப்படி ஓர் ஓய்வூதியமா என்று உன் அம்மா சிரிக்கிறாள்.

உன் சட்டைக்குச் சான்றிதழ் இருக்கிறது என்கிறாய். அதை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். கையெழுத்து எங்கே, எப்போது போடப்பட்டது, பிறகு யார் யாரிடம் இருந்தது, படம் உண்டா என்று கேள். ஆட்டத்தில் அணிந்ததா, கடையில் வாங்கிக் கையெழுத்துப் பெற்றதா என்பதையும் எழுத்தில் வாங்கு. விற்பவர் மழுப்பினால் விட்டுவிடு. நீ ஏலத்தில் கேட்ட விலைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கட்டணமும் சுங்க வரியும் சேரும். அதையும் கூட்டிப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு.

அன்புடன்,
அப்பா