‘விமானியின் தவறு’ என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விமான விபத்துகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இருட்டிலும் மேகத்திலும் நடந்த விபத்துகளுக்கெல்லாம் ‘விமானியின் தவறு’ என்ற இரண்டே சொற்களில் காரணம் சொல்லியிருந்தது. மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன். ஒவ்வோர் ஆண்டும் மாணவர் ஒருவரைச் சுழல் நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணைக் கட்டி, ஒரே சீராகச் சுற்றுவோம். எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று அவர் விரலால் காட்ட வேண்டும். முதலில் சரியாகக் காட்டுவார். ஒரு நிமிடம் போவதற்குள் கை தாழ்ந்துவிடும், நாற்காலி நின்றுவிட்டது என்பார். அது சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அப்புறம் நிஜமாகவே நிறுத்தினால், எதிர்ப்பக்கம் சுற்றுகிறது என்று அடித்துச் சொல்வார். கட்டை அவிழ்த்ததும் அந்த முகத்தில் வரும் திகைப்பை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

நம் உள்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை திரும்பத் தொடங்கும்போது அவற்றுக்குள் இருக்கும் திரவம் சற்றுப் பின்தங்கும். அதை வைத்துத்தான் திரும்புகிறோம் என்று மூளை அறிகிறது. திருப்பம் ஒரே வேகத்தில் நீடித்தால் திரவமும் கூடவே ஓட ஆரம்பித்துவிடும், மூளைக்குச் செய்தி நின்றுபோகும். தரையில் இருக்கும்போது கண் திருத்திவிடுகிறது. மேகத்துக்குள்ளோ நிலவில்லாத இரவில் கடலுக்கு மேலோ திருத்தக் கண்ணுக்கு ஒன்றும் கிடைக்காது. விமானம் மெல்லச் சாய்ந்தால் காதுக்குத் தெரியவே தெரியாது. கருவியைப் பார்த்து நேராக்கினாலோ மறுபக்கம் சாய்வதுபோல் இருக்கும். அந்த உணர்வுக்கு இணங்கினால் பழைய சாய்வுக்கே திரும்ப வேண்டியதுதான். ஸ்பேஷியல் டிஸ்ஓரியண்டேஷன் என்று விமானத் துறையில் சொல்வது இதைத்தான். தமிழில் நிலைமயக்கம் என்று சொல்லலாம் என்பது என் எண்ணம்.

1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி இல்லாத 20 பேரை வெளியே பார்க்க முடியாதபடி செய்து விமானம் ஓட்டவிட்டார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 வினாடிகளில், அதாவது மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

சரி, அனுபவம் இருந்தால் போதாதா? 2020 ஜனவரியில் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் உட்பட 9 பேர் இறந்த ஹெலிகாப்டரை ஓட்டியவர், கருவிகளை மட்டுமே பார்த்துப் பறப்பதைப் பிறருக்குக் கற்றுத்தரும் தகுதி பெற்றவர். மேகத்தில் மாட்டியதும், 4,000 அடிக்கு ஏறுகிறேன் என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னார். அந்த நேரத்தில் ஹெலிகாப்டர் இறங்கிக்கொண்டிருந்தது. ஏறுகிறோம் என்றுதான் அவர் உடல் அவருக்குச் சொல்லியிருக்கும். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

வேகம் கூடும்போதும் இதே கதைதான். உள்காதில் உள்ள நுண்கற்கள் பின்னே தள்ளப்படும், தலையை அண்ணாந்தாலும் அப்படித்தான் ஆகும். மூளையால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. 2000 ஆகஸ்ட் 23 இரவு, பஹ்ரைனில் இறங்காமல் மறுபடி மேலேறிய கல்ஃப் ஏர் விமானம், மூக்கைத் தாழ்த்திக் கடலில் விழுந்து 143 பேர் இறந்தார்கள். மூக்கு அளவுக்கு மீறி எழும்புவதாக விமானிக்குத் தோன்றியிருக்கலாம் என்றது விசாரணை.

‘கருவியை நம்பு’ என்று விமானிகளுக்குச் சொல்லித்தருகிறார்கள். அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை. 1978 ஜனவரி 1 இரவு பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியாவின் ‘எம்பரர் அசோகா’வில், கேப்டன் பக்கத்துச் செயற்கை அடிவானக் கருவி, அதாவது விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவி, பழுதாகிவிட்டது. அது விமானம் வலப்பக்கம் சாய்ந்திருப்பதாகக் காட்ட, அவர் இடப்பக்கம் திருப்பிக்கொண்டே போனார். தப்பு என்று எடுத்துச்சொல்ல அவர் உள்காதால் முடியவில்லை, கீழே கடல் ஒரே இருட்டு. மாற்றுக் கருவி பக்கத்திலேயே இருந்தது. ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கும் அவகாசத்துக்குள் 213 பேர் போய்விட்டார்கள்.

விமானிக்குப் பொறுப்பே இல்லை என்று நான் வாதாடவில்லை. வானிலை மோசம் என்று தெரிந்தும் கிளம்பியிருந்தால் தாராளமாகக் கேள்வி கேட்கலாம். ஆனால் மேகத்துக்குள் போன பிறகு நடப்பதைக் கவனக்குறைவு என்று எழுதுவது அநியாயம். இறந்தவரின் வீட்டார் அந்த இரண்டு சொற்களோடுதான் மீதி வாழ்நாளைக் கழிக்க வேண்டியிருக்கிறது. பயிற்சி போதுமா என்ற கேள்வியும் அதற்குள் புதைந்துபோகிறது. விமானிகள் பழகும், தரையில் நிற்கும் மாதிரி விமான அறையான சிமுலேட்டரால் இந்த மயக்கத்தை முழுமையாக உண்டாக்கிக் காட்ட முடியாது என்பதையும், கடைசியாக எப்போது அந்த விமானி கருவிப் பறப்பைப் பழகினார் என்பதையும் உங்கள் நிருபர்கள் எழுதலாமே.

அடுத்த விபத்துச் செய்தியிலாவது, அந்த நேரத்தில் விமானியின் கண்ணுக்கு அடிவானம் தெரிந்ததா என்று விசாரித்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடலியங்கியல் ஆசிரியர்