தடைக்காலத்துல உடம்பையும் கரையேத்திட வேணாம்

ஆசிரியருக்கு வணக்கம். எங்களுக்கு தங்கச்சிமடம். எங்க அண்ணன் விசைப்படகுல தொழிலுக்குப் போறாரு. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், 61 நாளும் படகு கரையில நிக்கும், ஆளு வீட்ல கட்டில்ல படுத்துக்கிட்டு கையில போனோட. திரும்ப கடலுக்குப் போற மொத நாளு மீன் கூடைய தூக்குனா தொடை நடுங்குது மூச்சு வாங்குதுன்னு வருஷா வருஷம் சொல்வாரு, வீட்ல வயசாச்சுல்லன்னு சொல்லி விட்ருவாங்க. வயசு மட்டும் காரணம் இல்லைங்க.

தசை செல்லுக்குள்ள இருக்க மைட்டோகாண்ட்ரியாதான் நம்ம திங்கிற சோத்தையும் உடம்புல இருக்க கொழுப்பையும் ஆக்சிஜன வச்சு எரிச்சு சக்தியா மாத்தித் தருது. படகு இன்ஜின் வாங்குன அன்னைக்கு என்ன எச்பியோ கடைசி வரைக்கும் அதேதான், தசை அப்படியில்ல, வேலை குடுக்க குடுக்க தன் இன்ஜின தானே பெருக்கிக்கும். 1967ல அமெரிக்காவுல ஜான் ஹொலோசிங்கறவரு எலிகள மாசக்கணக்குல ஓடவிட்டுப் பாத்தாரு, கால் தசையில மைட்டோகாண்ட்ரியாவோட எரிக்கிற திறன் ரெண்டு மடங்காயிருந்துச்சு. தசை சுருங்கி விரியும்போது உள்ள கால்சியம் கூடுது, செல்லு சக்தியா செலவழிக்கிற ஏடிபிங்கற பொருள் செலவாகி சக்தி கொறையுறப்ப ஏஎம்பிகேன்னு ஒரு புரதம் முழிச்சுக்குது, ரெண்டும் சேந்து பிஜிசி 1 ஆல்ஃபாங்கற இன்னொரு புரதத்த தட்டிவிட, அது மரபணுவுக்கு உத்தரவு போட்டு புது மைட்டோகாண்ட்ரியா உண்டாக வைக்குது. சும்மா உக்காந்தா சில வாரத்துலயே அது கொறையவும் ஆரம்பிச்சுரும், அண்ணனோட 61 நாள யோசிச்சுப் பாருங்க.

எங்க தாத்தா கரைவலை இழுத்தவரு. இடுப்புல கயித்த மாட்டிக்கிட்டு அம்பாங்கற வலை இழுக்கிற பாட்ட பாடிக்கிட்டே குதிகால் மணல்ல புதைய புதைய பின்னாடியே நடந்து வருவாங்க, அவருக்கு கெண்டைக்கால் கல்லு மாதிரி இருக்கும், அறுபது வயசுலயும் மூச்சு வாங்கி நான் பாத்ததில்ல.

இந்த வருஷம் அண்ணன விடல. சாயங்காலம் வெயில் தாழ வில்லூண்டி தீர்த்தம் பக்கம் மணல்ல முக்கா மணி நேரம் வேகமா நடக்கிறோம், பேச முடியணும் ஆனா பாட முடியக்கூடாது, அந்த வேகம். இன்னைக்கு பதினெட்டாவது நாளு. சுகர், நெஞ்சுவலி இருக்கவங்க டாக்டர கேட்டுட்டு ஆரம்பிங்க.

தடைக்காலம்னா வலை பின்றதும் படகு மராமத்தும் நிவாரணத் தொகையும் உங்க பேப்பர்ல வருது, தேவையான செய்திதான். அதோட இந்த 61 நாள்ல கடல்காரங்க உடம்ப எப்படி வச்சுக்கணும்னு ஒரு நல்ல டாக்டர வச்சு வாரா வாரம் எழுதுங்க ஐயா, டீக்கடையில உங்க பேப்பரத்தான் எல்லாரும் எடுக்கிறாங்க.

- ஒரு வாசகி, தங்கச்சிமடம்