கிரீம் சோடா ருசியில் ஒரு பிஸ்கட்

கிளிநொச்சி,
மார்கழி மாதம்.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. ஸ்காபரோவில் பனி கொட்டத் தொடங்கிவிட்டது, உன்னை இரவு வேலைக்கு மாற்றிவிட்டார்கள், மகன் காலையில் எழும்ப அடம் பிடிக்கிறான் என்று எல்லாம் எழுதியிருந்தாய். உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. இரணைமடுக் குளம் நிரம்பி, வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள். காலபோக நெல் குடலைப் பருவத்தில் நிற்கிறது. இந்த நேரத்தில் வயலுக்குள் வெள்ளம் தேங்கிவிடக்கூடாதே என்று அப்பா விடிய முதல் வரம்பைப் பார்த்துவிட்டு வருகிறார். முழங்கால் வலி என்றாலும் ஆள் நிற்பதில்லை. நீ சுகம் விசாரித்ததைச் சொன்னேன். "அவன் எப்ப வாறானாம்?" என்று மட்டும் கேட்டார்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கிரீம் சோடா ருசியில் பிஸ்கட் சுட்டேன் என்று தொலைபேசியில் சொன்னபோது நீ நம்பவில்லை. இப்போது, 'சோடாவை ஊற்றி மாவைக் குழைத்தால் போதுமா?' என்று எழுதியிருக்கிறாய். போதாது மச்சான். சோடாவில் பெரும்பங்கு தண்ணீர்தான். பத்தில் ஒரு பங்கு போலச் சீனி, மிச்சம் கொஞ்ச வாசமும் புளிப்பும் காற்றும். அவ்வளவு தண்ணீரை பிஸ்கட் மா தாங்காது; மொறுமொறுப்பு போய் பாண் மாதிரி வந்துவிடும். காற்றோ குழைக்கும்போதே போய்விடும். சோடாவைக் காய்ச்சி வற்றவைத்தால் என்ன என்று நீ அடுத்ததாகக் கேட்பாய். வாசத்தில் பாதி ஆவியோடு போக, சட்டியில் மிஞ்சுவது சீனிப்பாகு. அதற்குச் சீனியையே போடலாமே.

ஆகவே போத்தலை மறந்துவிட்டு, நம் நாக்கு எதை நினைவில் வைத்திருக்கிறது என்று யோசித்தேன். உனக்கு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் ஞாபகம் இருக்கும். 2002 சித்திரையில், போர்நிறுத்தத்தோடு, யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை திறந்தது. வைகாசியில் பொங்கல். உழவு இயந்திரப் பெட்டியில் பாய் விரித்து, பரந்தன் சந்தியால் திரும்பி, தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று குலுங்கிக் குலுங்கிப் போனோம். கடல்தண்ணீரில் விளக்கெரிவதைப் பார்க்க அம்மாக்கள் முண்டியடிக்க, நாங்கள் நந்திக்கடல் பக்கம் போட்டிருந்த கடைகளைச் சுற்றினோம். அதற்கு முதல் சோடா என்றால் யாராவது வவுனியாவிலிருந்து பாஸ் எடுத்து வரும்போது கொண்டுவரும் வெதுவெதுப்பான போத்தல்தான். அன்றைக்கு முதன்முறையாக, உமிக்குள் புதைத்த ஐஸ்கட்டிக்குப் பக்கத்தில் வரிசையாகப் போத்தல்கள். மூன்று பேரின் காசையும் சேர்த்து ஒரு கிரீம் சோடா வாங்கினோம். யார் எத்தனை மிடறு என்று எண்ணிக்கொண்டு குடித்தோம். கட்டையன் தன் முறை வந்தபோது வாய்க்குள் வைத்துக்கொண்டு விழுங்காமல் நின்றானே, கண்ணில் தண்ணீர் வரும்வரை.

அந்த மிடற்றைப் பிரித்துப் பார்த்தால் வனிலா வாசம், இனிப்புக்கு அடியில் மெல்லிய புளிப்பு, நாக்கைக் குத்தும் நுரை, குளிர். வனிலா யாருடைய கேக்கிலும் இருக்கிறது. அதை மட்டும் போட்டால் கேக் ருசிதான் வரும், சோடா ருசி வராது. அந்தக் குத்தலும் குளிரும் சேர்ந்தால்தான் நாக்கு 'சோடா' என்று ஒப்புக்கொள்ளும். போறணைக்குள் 170 பாகை செல்சியஸ் சூட்டில் வெந்து வந்த ஒரு பொருளில் குளிரையும் நுரையையும் எப்படி வைப்பது என்பதுதான் என்னை இத்தனை நாளாகப் பிடித்து வைத்திருந்த கேள்வி.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அமிலமும் காரமும் படிப்பித்துக்கொண்டிருந்தபோதுதான் வழி தெரிந்தது. சித்திரிக் அமிலத்தையும் அப்பச்சோடாவையும் (பேக்கிங் சோடா) உலர்ந்த நிலையில் கலந்து வைத்தால் ஒன்றும் நடக்காது. ஒரு துளி தண்ணீர் பட்டதும் காபனீரொட்சைட்டு, அதாவது சோடாவில் அடைத்திருக்கும் அதே வாயு, நுரைத்து வரும். அந்தத் தண்ணீர் ஏன் நம் எச்சிலாக இருக்கக்கூடாது? சோடாவின் குத்தல் குமிழி வெடிப்பதால் மட்டும் வருவதில்லை. நாக்கில் உள்ள ஒரு நொதி காபனீரொட்சைட்டைக் காபோனிக் அமிலமாக்குகிறது, அதைத்தான் நாக்கு உணர்கிறது. எனவே வாயு எங்கிருந்து வந்தாலும் நாக்குக்கு ஒன்றுதான். இன்னொரு நன்மையும் உண்டு. இந்தத் தாக்கம் வெப்பத்தை உறிஞ்சும் தாக்கம். வகுப்பில் முகவையைத் தொட்டுப் பார்த்த பிள்ளைகள் "சேர், குளிருது" என்று சத்தம் போட்டார்கள். அதேபோலக் குளுக்கோஸ் தூளும் கரையும்போது வெப்பத்தை உறிஞ்சும். விளையாட்டுப் போட்டியில் ஓடி முடிய உள்ளங்கையில் கொட்டுவார்களே, நக்கும்போது நாக்கு சில்லென்று இருக்குமே, அதேதான். பிஸ்கட்டின் மேல் தூவும் தூளில் ஐசிங் சீனிக்குப் பதிலாக அதைப் போட்டேன். இரண்டு குளிரும் சேர்ந்துகொண்டன.

தூளுக்கு நாலு மேசைக்கரண்டி குளுக்கோஸ், ஒரு தேக்கரண்டி சித்திரிக் அமிலம், ஒரு தேக்கரண்டி மட்டமாக அப்பச்சோடா. சித்திரிக் அமிலம் கேக் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். கற்கண்டு போல இருப்பதை ஈரமில்லாத அம்மியிலோ கிரைண்டரிலோ மாவாக்கிவிடு. கணக்குப்படி 192 கிராம் அமிலத்தை முழுதாக நடுநிலையாக்க 252 கிராம் அப்பச்சோடா வேண்டும். சம அளவு போட்டால் கொஞ்ச அமிலம் மிஞ்சும், அதுதான் நமக்கு வேண்டிய புளிப்பு. அப்பச்சோடா கூடினால் சவர்க்கார ருசி வந்துவிடும், கவனம்.

பிஸ்கட்டில் பெரிய வித்தை இல்லை. 125 கிராம் பட்டர் அல்லது மாஜரின், 100 கிராம் சீனி, ஒரு முட்டையின் மஞ்சட்கரு, இரண்டு தேக்கரண்டி வனிலா, 200 கிராம் கோதுமை மா, ஆனையிறவு உப்பு ஒரு சிட்டிகை. வனிலா அவ்வளவா என்று யோசிக்காதே, சூட்டில் கொஞ்சம் போய்விடும். இங்கத்தைய வெக்கைக்குப் பட்டர் உருகி ஓடும் என்பதால் குழைத்த மாவை அரை மணித்தியாலம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் தட்டுவேன். உனக்கு அந்தப் பிரச்சினை இல்லை. 170 பாகையில் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம், ஓரம் மட்டும் பொன்னிறமாக வந்தால் எடுத்துவிடு.

கரண்ட் இல்லாத நாட்களில் அம்மாவின் பழைய முறைதான் கைகொடுக்கிறது. பெரிய அலுமினியச் சட்டியின் அடியில் உலர்ந்த மணல், அதற்கு மேல் ஒரு வளையம், அதில் தட்டு. மூடிக்கு மேல் சிரட்டைக் கரி. உனக்கும் அந்த வாசம் மறந்திருக்காது. நம் ஊரில் பிறந்தநாள் கேக் எல்லாம் அப்படித்தானே வெந்தன. அதில் சுட்டால் லேசாகப் புகை மணம் ஏறும். எனக்கு அது பிடிக்கும். மகளுக்குப் பிடிக்கவில்லை, கரண்ட் போறணையில் சுட்டதுதான் சோடா மாதிரி இருக்கிறது என்கிறாள். அவள் சொல்வது சரி என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம் தூளை எப்படி ஒட்டவைப்பது என்பது. சீனிப்பாகு தடவினால் அதிலுள்ள தண்ணீர் பட்டு, சாப்பிட முதலே நுரைத்து முடிந்துவிடும். பட்டரிலும் தண்ணீர் உண்டு. நெய்யில் இல்லை. பிஸ்கட் முழுதாக ஆறியபின் விரலால் நெய்யை மிக மெல்லியதாகத் தடவி, மேலே தூளைத் தூவு. உன் சமையலறையில் தேங்காயெண்ணெய் உறைந்துதான் இருக்கும், மணம் நீக்கிய எண்ணெய் என்றால் அதுவே இன்னும் நல்லது. வாயில் போட்டதும் முதலில் சில்லென்று இருக்கும், பிறகு புளிப்பு, பிறகு நுரை, கடிக்கும்போது வனிலா. அந்த ஒழுங்கில் வருவதுதான் இதன் அழகு.

இந்த மாரியில் எனக்குப் பெரிய தலையிடி ஈரக்காற்று. தூவி வைத்த பிஸ்கட் ஒரு இரவுக்குள் நுரையை இழந்துவிடுகிறது. ஆகவே பிஸ்கட் ஒரு தகரத்தில், தூள் இறுக மூடிய போத்தலில். சாப்பிடும் நேரத்தில்தான் இரண்டும் சேரும்.

கட்டையனின் அம்மாவுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். 2009 போருக்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போகும்போது என்ன கதைப்பது என்று எனக்கு எப்போதும் தெரிவதில்லை. இந்த முறை பொங்கல், ஐஸ்கட்டி, அவன் விழுங்காமல் நின்றது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இதைக் கேள்விப்பட்டதே இல்லையாம். திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். உன்னையும் விசாரித்தார், நேரம் கிடைத்தால் ஒரு தடவை அவருக்கு எடுத்துக் கதை.

அங்கே கிரீம் சோடா இளஞ்சிவப்பு நிறத்தில் வருகிறது, நிறத்தைப் பார்த்ததுமே குடிக்க மனம் வரவில்லை என்று எழுதியிருந்தாய். என் கருத்து வேறு. உன் மகனுக்கு அதுதான் கிரீம் சோடா. அவன் வளர்ந்தபின் அந்த இளஞ்சிவப்பைத்தான் தேடுவான். ஒரு நாள் அவனோடு உட்கார்ந்து அதையும் குடித்துப் பார். அப்புறம் இந்த பிஸ்கட்டை இரண்டு பேரும் சேர்ந்து சுடுங்கள். தூள் கலக்கும் வேலையை அவனிடமே விடு. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு நுரைப்பதைக் காட்டினால் அன்றைக்கு முழுவதும் உன்னைவிட்டு அகலமாட்டான்.

தை பிறந்ததும் அக்காவின் மாமியார் அங்கே வருகிறார். அவரிடம் ஒரு தகரம் பிஸ்கட் கொடுத்து விடுகிறேன். தூளை அனுப்பமாட்டேன். வயதான மனுஷி வெள்ளைத் தூள் போத்தலோடு விமான நிலையத்தில் நின்று பதில் சொல்ல வேண்டாம். அளவெல்லாம் மேலே இருக்கிறது, நீயே கலந்துகொள். நுரை போதவில்லை என்றால் அப்பச்சோடா பழையதாக இருக்கும், புதிதாக ஒரு பெட்டி வாங்கு.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல். சாப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
உன் பள்ளிக்கூட வாங்குத் தோழன்