கிளாம்ப்பைத் திட்டாதே, பாப்பா

அன்பு மகளுக்கு,

மேசைப் பலகை ஒட்டிய படங்கள் வந்து சேர்ந்தன. ஐந்து பலகையையும் நன்றாகத்தான் இழைத்திருக்கிறாய். நடுவில் முதுகு தூக்கி நிற்பதற்கு உன் கையைக் குறை சொல்ல மாட்டேன். பசை காயும்வரை பலகைகளை இறுக்கிப் பிடிக்க நீ போட்ட அந்த அலுமினியக் கிளாம்ப்புகள் செய்த வேலை அது. அதற்காக எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு விலை கூடியதை வாங்கப் போவதாக எழுதியிருக்கிறாயே, கொஞ்சம் பொறு.

மலிவான கிளாம்ப்பில் பெரும்பாலும் இரும்போ அலுமினியமோ மோசமாக இருக்காது. தயாரித்தவர்கள் கடைசிக் கட்ட வேலையை விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான். அந்த வேலையை நீ செய்துகொள்ளலாம். அரம், உப்புத்தாள், ரீப்பர் என்கிற ஒரு மெல்லிய நீள மரத்துண்டு, கொஞ்சம் மெழுகு இருந்தால் போதும்.

முதலில் அலுமினியக் கிளாம்ப்பின் நீளச் சட்டத்தைப் பார். அடியில் திருப்பிப் பார்த்தால் உள்ளே வெறும் குழி, தகடும் மெலிசு. திருகு சட்டத்துக்கு மேலே தள்ளி இருக்கிறது இல்லையா? நீ முறுக்க முறுக்க, பலகையைக் கவ்வும் இரண்டு தாடைகளின் நுனியும் வெளிப்பக்கம் சாய்கின்றன, சட்டம் பலகையை நோக்கி வில்லாக வளைகிறது. அப்போது அழுத்தம் பலகையின் முழு விளிம்பிலும் விழாது. சட்டத்தை ஒட்டிய கீழ் ஓரத்தில் மட்டும் விழும். மேல்பக்கம் இணைப்பு வாய் திறக்கும், நடு எழும்பும். உன் படத்தில் தெரிவது அச்சு அசல் இதுதான்.

மருந்து அந்தக் குழிக்குள்ளேயே இருக்கிறது. கோணல் இல்லாத கெட்டி மரத்தில் ஒரு ரீப்பரை இழைத்து உள்ளே செருகிவிடு. ரீப்பர் உள்ளே போக, சட்டத்தின் முனையில் சிறு ஸ்க்ரூ இருந்தால் கழற்று, ரிவெட் இருந்தால் ட்ரில்லால் குடைந்து எடு. ரீப்பர் கையால் தள்ளினால் இறுக்கமாக ஏற வேண்டும், சுத்தியல் தேவைப்படக் கூடாது. நகரும் தாடையின் கொக்கி விழும் வெட்டுகளை மட்டும் மரம் அடைக்காமல் பார்த்துக்கொள், இல்லாவிட்டால் கொக்கி பிடிக்காது. இரண்டு முனையிலும் கொஞ்சம் எபாக்சிப் பசை வைத்தால் ஆடாது. மெல்லிய தகடு முதலில் பக்கவாட்டில் நெளிந்துதான் பிறகு வளையும். அந்த நெளிவை மரம் தடுத்துவிடுகிறது. செருகிய பிறகு முறுக்கிப் பார், கையிலேயே வித்தியாசம் தெரியும்.

அடுத்தது உன் எஃப் கிளாம்ப், அந்த F எழுத்து வடிவ இரும்புக் கிளாம்ப். முறுக்கும்போது தாடை சட்டத்தில் வழுக்குகிறது என்றாய். அந்தத் தாடையை எந்தப் பூட்டும் பிடித்து வைக்கவில்லை. பாரம் ஏறியதும் அது லேசாகச் சாய்ந்து, துளையின் இரண்டு விளிம்புகளாலும் சட்டத்தைக் கவ்வுகிறது. அதனால் சட்டத்தில் எண்ணெய்ப் பசை இருந்தாலும், துளைக்குள் பெயின்ட் தடித்திருந்தாலும் கவ்வாது. தின்னரால் துடை. துளைக்குள் இருக்கும் பெயின்ட்டையும் பிசிறையும் அரத்தால் எடு, ஆனால் விளிம்பை மழுக்கிவிடாதே, கவ்வுவதே அந்த விளிம்புதான். பிறகும் வழுக்கினால் சட்டத்தின் குறுகிய இரண்டு பக்கத்திலும் முக்கோண அரத்தால் குறுக்கே லேசாகக் கீறல் போடு. ஆழமாக வெட்ட வேண்டாம்.

திருகு மரை புதிதிலேயே கரகரவென்று இருக்கும். கடையிலிருந்து வரும் கிரீஸில் இரும்புத்தூள் கலந்திருப்பதுதான் காரணம். மண்ணெண்ணெயில் கழுவி, கம்பி பிரஷ் போட்டு, காய்ந்ததும் மெழுகு தேய். மறுபடி கிரீஸ் வேண்டாம், மரத்தூளை இழுத்து அப்பிக்கொள்ளும். சிலிக்கான் ஸ்ப்ரேயைப் பட்டறைக்குள்ளேயே விடாதே. அது பலகையில் ஒரு துளி பட்டால் போதும், பாலிஷ் போடும்போது அந்த இடத்தில் மீன் கண் மாதிரி வட்ட வட்டமாக விலகி நிற்கும். தேய்த்தாலும் லேசில் போகாது.

தாடை முகத்துக்கு 6 மி.மீ. பிளைவுட் துண்டு ஒட்டு. இரும்புத் தாடை என்றால் துண்டில் ஒரு காந்தத்தைப் பதித்துவிடலாம். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது, அங்கே இரட்டைப் பக்க டேப்தான். துண்டின் முகத்திலும் மெழுகு தடவிவிடு, வழியும் பசை பிடிக்காது. சட்டத்தின் மேல் பேக்கிங் டேப் சுற்றுவதும் நல்லது. இரும்புச் சட்டமும் ஈரப் பசையும் ஓக் போல டானின் என்கிற துவர்ப்புச் சத்து உள்ள மரத்தைத் தொட்டால் கறுப்புக் கறை விழும், இழைத்தால் கூடச் சில சமயம் விடாது.

கைப்பிடி சிறியதாக இருக்கிறது என்று குழாய் போட்டு நீட்டலாமா என்று கேட்டாய். வேண்டாம் அம்மா. வார்ப்புத் தாடைக்கு அந்தப் பலம் கிடையாது, சொல்லாமல் உடையும். வழுக்கினால் பழைய சைக்கிள் ட்யூபை ஒரு சுற்றுச் சுற்று, போதும். வார்ப்பில் முடிபோல விரிசல் தெரிந்தால் அந்தக் கிளாம்ப்பைச் சரிசெய்யவே உட்காராதே, பழைய இரும்புக்குப் போடு.

இன்னொரு கணக்கும் சொல்லிவிடுகிறேன், இதைப் பலர் போட்டுப் பார்ப்பதில்லை. வெள்ளைப் பசைக்கு மென்மரத்தில் சதுர அங்குலத்துக்கு 100 முதல் 150 பவுண்டு வரை அழுத்தம் வேண்டும், கெட்டி மரத்தில் 175 முதல் 250 வரை. மூன்றடி நீளம், முக்கால் அங்குலக் கனம் உள்ள ஒரு விளிம்பு 27 சதுர அங்குலம். கெட்டி மரத்துக்குக் குறைந்த அளவை வைத்தாலே 4,725 பவுண்டு, அதாவது இரண்டு டன்னுக்கு மேல். உன்னிடம் இருக்கும் நான்கு லேசான கிளாம்ப்பால் அது ஆகாது. எதைச் செருகினாலும் ஆகாது. எண்ணிக்கையைக் கூட்டு. அதைவிட முக்கியம், பசை போடும் முன் பலகைகளைக் கையால் சேர்த்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார். கோடு தெரிந்தால் திரும்ப இழை. இடைவெளியை முறுக்கி மூடப் பார்க்காதே.

அழுத்தம் பலகைக்குள் போகப் போக இருபுறமும் சுமார் 45 பாகையில் விரியும். அதனால் ஓரத்தில் அகலமான துணைக்கட்டையை வைத்தால் ஒவ்வொரு கிளாம்ப்பின் அழுத்தமும் தூரம் வரை பரவும். பலகையின் குறுக்கே மேலும் கீழும் வைக்கும் கட்டைகளின் நடுவை ஒரு மில்லிமீட்டர் புடைப்பாக இழைத்துக்கொள். முனைகளை மட்டும் இறுக்கினால் நடுவும் சேர்ந்து அமுங்கும், முதுகு தூக்காது. கிளாம்ப்புகளை ஒன்று கீழே, ஒன்று மேலே என்று மாற்றி மாற்றிப் போடு. ஒன்று வளைப்பதை மற்றது நேர் செய்துவிடும்.

துணிக்கிளிப் மாதிரி இருக்கும் ஸ்பிரிங் கிளாம்ப்புகளை அப்படியே விட்டுவிடு. அவை பிடித்துக்கொள்ளத்தான், இறுக்க அல்ல.

அலுமினியச் சட்டத்தின் குழியை உள்ளகலம், ஆழம் இரண்டும் அளந்து எழுது. இரண்டு முனையிலும் நடுவிலும் தனித்தனியாக அள, ஒரே சட்டத்திலேயே அரை மில்லிமீட்டர் மாறலாம். ரீப்பரை நானே இழைத்து அனுப்புகிறேன். அதுவரை அந்த மேசைக்கு அடுத்த பலகையை ஒட்டாதே.

அன்புடன்,
அப்பா