இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டாதீர்கள்: மிஸ் நிப்போன் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மிஸ் நிப்போன் சங்கத்தின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

2024 ஜனவரி 22 அன்று, நீங்கள் நடத்தும் ஜப்பானிய அழகிப் போட்டியான மிஸ் நிப்போனில் கரோலினா ஷீனோவுக்கு முடி சூட்டினீர்கள். பிப்ரவரி 5 அன்று அவர் பட்டத்தைத் துறந்தார். இடையில் இரண்டே வாரம். அதற்குள் அவர் மேல் இரண்டு குற்றச்சாட்டுகள் வந்தன. ஒன்றுக்கு முடிவு கட்டிவிட்டீர்கள். இன்னொன்று அப்படியே கிடக்கிறது.

முடிந்துபோனதை முதலில் சொல்லிவிடுகிறேன். திருமணமான ஒரு மருத்துவரோடு ஷீனோவுக்குத் தொடர்பு என்று ஷுகன் புன்ஷுன் வார இதழ் எழுதியது. அந்த மனிதர் திருமணமானவர் என்று ஷீனோவுக்குத் தெரியாது என்று நம்பி, நீங்கள் அவர் பக்கம் நின்றீர்கள். பிறகு, தெரிந்தேதான் பழகினேன், பயத்தில் உண்மையை மறைத்தேன் என்று அவரே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். பொய் சொன்னது தவறுதான். அவர் விலகியதை நீங்கள் ஏற்றுக்கொண்டதில் எனக்கு மறுப்பில்லை. குடும்பம் வைத்திருந்தவர் அந்த மருத்துவர். உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியில் அடிபட்டதோ ஷீனோவின் பெயர். இது என் மனத்தாங்கல். சரி, அது உங்கள் கையில் இல்லை.

மற்றது உங்கள் கையில்தான் இருக்கிறது. முடி சூட்டிய உடனேயே, ஐரோப்பிய முகம் கொண்ட பெண் எப்படி ஜப்பானிய அழகுக்கு அடையாளம் ஆவார் என்று சிலர் கிளம்பினார்களே, அது. உக்ரைன் பெற்றோருக்கு அங்கே பிறந்து, ஐந்து வயதில் தாயோடு ஜப்பானுக்கு வந்து, நகோயாவில் வளர்ந்தவர் ஷீனோ. 2022இல் ஜப்பானியக் குடியுரிமை பெற்றார். தன்னை ஜப்பானியராக ஏற்காத சுவர்களைப் பற்றி மேடையிலேயே கண்ணீரோடு பேசினார். அவர் விலகிய பிறகு, 'அதுதான் அப்போதே சொன்னோமே' என்று கையைத் தட்டிவிட்டுப் போவது எளிதாகிவிட்டது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடும் வேலை இது.

2015ஐ நினைத்துப் பாருங்கள். போட்டி வேறு, மிஸ் யுனிவர்ஸ் ஜப்பான். வென்ற அரியானா மியாமோட்டோ நாகசாகி மாகாணத்தின் சசெபோவில் பிறந்தவர். தாய் ஜப்பானியர், தந்தை கறுப்பின அமெரிக்கர். தூரிகை எழுத்துக் கலையில் தரம் பெற்றவர். பள்ளியில் கூடப் படித்த பிள்ளைகள் அவர் கையைத் தொட மறுத்திருக்கிறார்கள், குப்பையை வீசியிருக்கிறார்கள். அவரைப் போலவே கலப்புப் பெற்றோருக்குப் பிறந்த ஒரு நண்பர் தற்கொலை செய்துகொண்ட பிறகுதான் போட்டியில் இறங்கத் துணிந்தார். உலகப் போட்டியில் முதல் பத்துக்குள் வந்தார். எந்த வம்பும் இல்லை, எந்தப் பத்திரிகைக் கிசுகிசுவும் இல்லை. அவரையும் 'முழு ஜப்பானியர் இல்லை' என்றுதான் ஏசினார்கள். அடுத்த வருடம் மிஸ் வேர்ல்ட் ஜப்பான் ஆன, வங்காளித் தந்தைக்குப் பிறந்த பிரியங்கா யோஷிகாவாவுக்கும் அதே பேச்சுதான் கிடைத்தது. அப்படியென்றால் ஷீனோ ஒழுங்காகவே இருந்திருந்தாலும் அந்த வாய்கள் மூடியிருக்காது.

இதில் எனக்கு என்ன அக்கறை என்று கேட்பீர்கள். தோக்கியோவில், எதோகாவா பகுதியில் குடியிருக்கிறோம். என் மகளுக்கு அப்பா, அம்மா இருவருமே தமிழர். அவள் படிப்பது இங்குள்ள அரசுப் பள்ளியில். வகுப்பில் மதிய உணவு பரிமாறும் முறை வந்தால் வெள்ளைத் தொப்பியும் மேலங்கியும் மாட்டிக்கொண்டு மற்றப் பிள்ளைகளோடு மிசோ சூப் ஊற்றுகிறாள். கடையில் அவள் தெளிவான ஜப்பானிய மொழியில் கேட்டால், பதில் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் வருகிறது. அவள் முகம் சுருங்குவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பவள் நான். இங்கே குடியுரிமை வாங்க வேண்டுமானால் பிறந்த நாட்டுக் குடியுரிமையை விட வேண்டும் என்பது சட்டம். அதற்கும் தயாராகி வருபவரிடம் முகத்தையும் மாற்றிக்கொண்டு வா என்று யாரும் கேட்கக்கூடாது.

1950இல் உங்கள் போட்டி தொடங்கியதே, போருக்குப் பின் வெளிநாட்டிலிருந்து வந்த நிவாரண உதவிக்கு நன்றி சொல்லப்போகும் தூதரைத் தேர்ந்தெடுக்கத்தான். முதல் பட்டம் வென்ற யாமாமோட்டோ ஃபுஜிகோ பின்னாளில் பெரிய நடிகையானார். அந்த வரிசையில் 2024ஆம் ஆண்டின் இடத்தைக் காலியாக விட்டீர்கள். விடுங்கள். ஆனால் ஏன் காலி என்பதை உங்கள் பெயரில், எழுத்தில் தெளிவாகச் சொல்லுங்கள்: அவர் விலகியது சொந்த நடத்தை காரணமாக, அவரைத் தேர்ந்தெடுத்தபோது அவர் ஜப்பானியர் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை, இன்றும் இல்லை. அப்புறம், குடியுரிமை பெற்ற எந்தப் பெண்ணும் விண்ணப்பிக்கலாம் என்பதை அடுத்த அறிவிப்பிலேயே அச்சிடுங்கள்.

இதன் ஜப்பானிய வடிவத்தைத் தபாலில் உங்களுக்கு அனுப்புகிறேன். பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
எதோகாவாவிலிருந்து ஒரு தாய்